கருப்பட்டிக்கு லாடம் இல்லை

எங்கள் வீட்டில் கைக்குழந்தை கிடையாது. ஆனாலும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை டயப்பர் பாக்கெட் வாங்குவேன். ஒருமுறை கடையில் பில் போட்ட பெண் சிரித்துக்கொண்டே "குழந்தைக்கு எத்தனை மாசம்?" என்று கேட்டாள். "14 வயசு, 430 கிலோ" என்றேன். அவள் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெரியவர் மட்டும் என் கூடையை எட்டிப் பார்த்தார். டயப்பர், எப்சம் உப்பு, வெள்ளி நிற டக்ட் டேப். "சீழா? எந்தக் கால்?" என்றார்.

இது ஆபர்ன். கலிபோர்னியாவில், சாக்ரமென்டோவைத் தாண்டி நிலம் மேடேறத் தொடங்கும் இடத்தில் இருக்கும் சின்ன ஊர். உலகத்தின் என்டியூரன்ஸ், அதாவது நெடுந்தூர ஓட்டத்தின், தலைநகரம் என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்ட ஊர். இங்கே மளிகைக் கடை வரிசையில் நிற்கும் தாத்தாவுக்கும் குதிரைக் குளம்பு பற்றி ஓர் அபிப்பிராயம் இருக்கும். என் குதிரைக்கு லாடம் இல்லை என்று தெரிந்தால் இரண்டு அபிப்பிராயம் இருக்கும்.

குதிரையின் பெயர் கருப்பட்டி. அரபுக் குதிரை, விதையடித்த ஆண், உடம்பு முழுக்க எங்கள் ஊர்க் கருப்பட்டியின் அதே அடர்ந்த பழுப்பு. பதிவுப் பத்திரத்தில் நாலு வார்த்தையில் ஒரு பெயர் இருக்கிறது. அதை யாரும் கூப்பிடுவதில்லை. லாயத்தில் உள்ளவர்களுக்கு 'கருப்பட்டி' வாயில் நுழையாததால் 'பட்டி' என்கிறார்கள். இங்கே அது பெண் பெயர். அவனுக்கு அதில் ஒன்றும் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

நானும் அவனும் போகிற நெடுந்தூரக் குதிரையோட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: இது பந்தய மைதானத்தில் சுற்றி வருவது இல்லை. மலை, காடு, ஆறு என்று ஒரே நாளில் 50 மைல், அதாவது 80 கிலோமீட்டர். அதற்கு 12 மணி நேரம். 100 மைல் என்றால் 24 மணி நேரம். இடையிடையே கால்நடை மருத்துவர்கள் நிற்பார்கள். இதயத் துடிப்பு குறிப்பிட்ட அளவுக்கு, பெரும்பாலும் நிமிஷத்துக்கு 60 அல்லது 64-க்கு, அரை மணிக்குள் இறங்க வேண்டும். குடல் சத்தம் கேட்பார்கள், ஈறை அழுத்தி நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள், கழுத்துத் தோலைக் கிள்ளி நீர்ச்சத்து பார்ப்பார்கள். கடைசியாக டிராட் என்கிற துள்ளு ஓட்டத்தில் கையில் பிடித்து ஓட்டிக்காட்டச் சொல்வார்கள். அதில் நொண்டினால் அன்றைக்கு அவ்வளவுதான். இந்த ஓட்டத்துக்கான அமெரிக்க அமைப்பின் தாரக மந்திரமே முடிப்பதுதான் வெற்றி என்பது. குதிரை நல்ல காலோடு வந்து சேர வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

என் அம்மாவுக்கு இதில் ஒன்றே ஒன்றுதான் புரியவில்லை. "ஏட்டி, பிள்ளைய செருப்பு போடாம கல்லுல நடக்க விடுவியா?" என்று போனில் கேட்டாள். "காட்டுக்குதிரை செருப்பு போட்டா நடக்குது?" என்றேன். "அது மேல ஆரும் ஏறி உக்காரலியே" என்றாள். இந்த ஒரு வரிக்கு எனக்கு இன்றுவரை முழுப் பதில் கிடையாது.

அம்மா இதை வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. சாத்தான்குளம் பக்கம் எங்கள் தாத்தாவிடம் வண்டிமாடு இருந்தது. மாட்டுக்கு லாடம் கட்டுவதை நான் சின்னப் பிள்ளையில் பார்த்திருக்கிறேன். கயிற்றைச் சுற்றி மாட்டைச் சாய்ப்பார்கள், நாலு காலையும் சேர்த்துக் கட்டுவார்கள், ஒருவர் கொம்பைப் பிடித்து அமுக்கிக்கொள்வார். பிளவுபட்ட குளம்பு என்பதால் ஒரு காலுக்கு இரண்டு தகடு. ஆணி இறங்கும்போது மாட்டின் கண் மேலே சொருகும். (போலீஸ் ஸ்டேஷன் பாஷையில் 'லாடம் கட்டுறது' என்றால் என்ன என்று தெரிந்தபோது எனக்கு அந்த மாட்டின் கண்தான் ஞாபகம் வந்தது.) ஆனால் தாத்தா உழவுமாட்டுக்கு லாடம் கட்டியதில்லை. தேரி மணலில் நடக்கிற மாட்டுக்கு இரும்பு எதற்கு? சாத்தான்குளத்திலிருந்து திருச்செந்தூருக்குத் தார் ரோட்டில் பாரம் இழுக்கிற மாட்டுக்குத்தான் கட்டினார். இதைப் பல வருஷம் கழித்து, கலிபோர்னியாவில் ஒரு குதிரையின் காலைத் தொடைமேல் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் யோசித்தேன்.

கருப்பட்டியை வாங்கும்போது அவனுக்கு 9 வயது. நாலு காலிலும் லாடம் இருந்தது. முன்னங்கால் லாடம் மட்டும் நிற்காது. ஆணி அடித்த இடமெல்லாம் குளம்புச் சுவர் பிஸ்கட் மாதிரி உதிரும். அந்த வருஷம் மூன்றாவது முறையாக லாடம் பிய்ந்தபோது கூடவே அரை உள்ளங்கை அளவுக்குச் சுவரும் பெயர்ந்து வந்துவிட்டது. புது ஆணி அடிக்க இடமே இல்லை. ஆக, நான் கொள்கைக்காக லாடத்தைக் கழற்றினேன் என்று பெருமை அடித்துக்கொள்ள முடியாது. வேறு வழி இல்லாமல் கழற்றினேன். கொள்கை அப்புறமாக வந்து ஒட்டிக்கொண்டது.

ஒட்டியது என்றால் பலமாகவே ஒட்டியது. ஜேமி ஜாக்சன் என்று ஒருவர். லாடம் அடிப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தவர். 80-களில் அமெரிக்காவின் மேற்குப் பாலைவனத்தில் காட்டுக்குதிரைகளின் குளம்பைப் பார்த்துவிட்டு, இயற்கையான குளம்பு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். இன்றைய வெறுங்கால் இயக்கத்தின் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது. நானும் ராத்திரி ராத்திரியாகப் படித்து, லாடம் என்றால் கொடுமை, வெறுங்கால் என்றால் விடுதலை என்கிற நிலைக்கு வந்திருந்தேன். லாடம் கழற்றிய ஆறாவது வாரம் சரளைப் பாதையில் ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போனேன். முட்டை ஓட்டின்மேல் நடப்பதுபோல ஒவ்வொரு காலாக வைத்தான். அதை 'பழகிக்கொண்டிருக்கிறான்' என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வலியைப் பழக்கம் என்று பெயர் மாற்றுவது சுலபம், வலி நம்முடையதாக இல்லாதவரை.

அப்போதுதான் குளம்பு சீவ ஒரு அம்மாள் வர ஆரம்பித்தார். அறுபது வயதுக்கு மேல், வாயில் சூயிங்கம், பேச்சு குறைவு. கருப்பட்டியின் முன்னங்காலைத் தூக்கிக் கட்டைவிரலால் உள்ளங்குளம்பை அழுத்தினார். நடுவில் லேசாக நெளிந்தது. மருத்துவரை வைத்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். உள்ளங்குளம்பின் தடிமன் 9 மில்லிமீட்டர். குறைந்தது 15 இருக்க வேண்டும். "இவன் காலில் இருப்பது செருப்பு இல்லாத பாதம் இல்லை, தோல் உரிந்த பாதம். ஒரு வருஷம் கொடு" என்றார்.

ஏன் ஒரு வருஷம் என்றால், குளம்பு மேலே மயிர் முடியும் இடத்திலிருந்து கீழ்நோக்கி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர், சில குதிரைக்கு அதற்கும் குறைவாக, வளரும். முன்பக்கச் சுவர் மேலிருந்து தரையைத் தொட 9 முதல் 12 மாதம் ஆகும். இன்றைக்குத் தரையில் படுகிற குளம்பு போன வருஷம் உருவானது. போன வருஷம் நீங்கள் போட்ட தீனியும் நடத்திய நடையும்தான் இன்றைக்குக் கல்லில் மிதிக்கிறது. லாடக் குதிரைக்கும் இதே கணக்குதான். ஆனால் அங்கே இரும்பு கொஞ்சம் மறைத்துக் கொடுக்கும். வெறுங்காலில் ஒளிக்க இடமில்லை.

காலைத் தூக்கிப் பார்த்தால் நடுவில் வி எழுத்தைத் தலைகீழாகப் போட்ட மாதிரி, கெட்டி ரப்பர் போல ஒரு பகுதி இருக்கும். ஆங்கிலத்தில் அதைத் தவளை என்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். குதிகால் பக்கம் முதலில் தரையில் பட்டால் இந்தத் தவளையும் அதற்குப் பின்னால் உள்ளே இருக்கும் மெத்தை போன்ற திசுவும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். குதிகால் வலித்தால் குதிரை நுனிக்காலால் இறங்கும். அப்படி இறங்க இறங்க அந்த மெத்தைக்கு வேலை இல்லாமல் போய் இன்னும் மெலியும், இன்னும் வலிக்கும். வெறுங்கண்ணுக்கு இது தெரியாது. நான் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு போனில் ஸ்லோமோஷனில் வீடியோ எடுத்தேன். தெளிவாகத் தெரிந்தது: நுனி, அப்புறம் குதிகால். நுனி, அப்புறம் குதிகால். வீட்டுக்காரர் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "இதுல பத்து நிமிஷம் காலு மட்டும்தான் இருக்கு" என்றார். ஆமாம், அதற்குத்தானே எடுத்தது.

அந்த ஒரு வருஷம் நான் ஏறவே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பெரும்பாலும் அவன் பக்கத்தில் நடந்தேன். லாயத்தில் அவன் நிற்கிற இடத்தில், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, பட்டாணி அளவுக் கூழாங்கல் ஒரு லோடு கொட்டினோம். குளம்பு அதில் புதையும், கல் உருண்டு இடம் கொடுக்கும், தவளையை இதமாக அமுக்கும். குடிக்கப் போகும்போதெல்லாம் வேறு வழியில்லாமல் மிதிப்பான். கொட்டிய முதல் வாரமே பகல் தூக்கத்துக்கும் அங்கே போய் நிற்கத் தொடங்கினான். மருந்து, பசை, பெயிண்ட் என்று நான் செலவு செய்த எதுவும் அந்த ஒரு லோடு கல் செய்ததைச் செய்யவில்லை.

அப்புறம் தீனி. இங்கேதான் என் கதையில் எதிர்பாராத திருப்பம்.

வட கலிபோர்னியாவில் மழை குளிர்காலத்தில். கோடை முழுக்கப் பழுப்பாகக் கிடக்கும் மேடெல்லாம் பிப்ரவரியில் பச்சைப் பசேல் என்று ஆகிவிடும். ஊர்க்கண்ணோடு பார்த்தால் மாடு கன்றுக்குக் கொண்டாட்டம். நானும் சந்தோஷமாக அவிழ்த்துவிட்டேன். குளிர்ந்த ராத்திரியும் வெயில் பகலும் சேர்ந்தால் அந்தப் புல்லில் சர்க்கரை ஏறிப்போய் இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. குதிரைக்குச் சர்க்கரையும் மாவுச்சத்தும் மிஞ்சினால் வயிறு மட்டும் கெடாது. குளம்புச் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கிற மெல்லிய அடுக்குகள் வீங்கும். முற்றினால் பிணைப்பே விட்டு, எலும்பு கீழே இறங்கும். அதற்கு லேமினைடிஸ் என்று பெயர், குதிரைக்காரர்கள் அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லப் பயப்படுவார்கள். கருப்பட்டிக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. மே மாதத்தில் அவன் குளம்பில் மயிர்க்கோட்டுக்குக் கீழே சுற்றிலும் ஒரு வளையம் தெரிந்தது. விரலால் தடவினால் மேடு தட்டும். அந்த அம்மாள் அதை அளந்தார். 3 சென்டிமீட்டர். "பிப்ரவரியில் என்ன கொடுத்தாய்?" என்றார். மரத்தின் வளையத்தை வைத்துப் பஞ்சம் வந்த வருஷத்தைச் சொல்வார்களே, அதே மாதிரி.

ரத்தப் பரிசோதனையில் இன்சுலின் கூடுதல். அன்றிலிருந்து கருப்பட்டி என்று பெயர் வைத்த பிராணிக்கு வாழ்நாள் முழுக்க இனிப்புக் கிடையாது. கேரட்கூட இல்லை. காய்ந்த புல்லை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்த்து 10 சதவீதத்தைத் தாண்டாத கட்டாகப் பார்த்து வாங்குகிறேன். தாண்டினால் தண்ணீரில் ஊறவைத்து வடித்துக் கொடுக்கிறேன். வடிகிற தண்ணீர் டீத்தண்ணி நிறத்தில் இருக்கும். செம்பும் துத்தநாகமும் கலந்த பொடி தினமும் உண்டு, எங்கள் பக்கத்துப் புல்லில் இரும்பு தாராளம், அவை இரண்டும் குறைவு. 500 கிலோ குதிரைக்குச் சும்மா நிற்கவே ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் செம்பும் 400 மில்லிகிராம் துத்தநாகமும் வேண்டும் என்பது அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் 2007-ஆம் ஆண்டுக் கணக்கு. வேலை செய்கிற குதிரைக்கு அதற்கு மேல்.

இதைப் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் மார்க்கோ போலோ சொன்னது கண்ணில் பட்டது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்தவர். ஏடன், ஹோர்முஸ் பக்கமிருந்து அரபுக் குதிரை கப்பல் கப்பலாகக் காயலில் இறங்குகிறது, ராஜா ஆயிரக்கணக்கில் வாங்குகிறார், ஆனால் வருஷம் முடிவதற்குள் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். குதிரைக்குச் சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போடுகிறார்களாம். லாடம் கட்டி வைத்தியமும் பார்க்கத் தெரிந்த ஆள் அங்கே இல்லை, வியாபாரிகளும் அப்படிப்பட்டவர்களைக் கூட்டி வருவதில்லை, வருபவர்களையும் தடுத்துவிடுகிறார்கள், குதிரை செத்தால்தானே அடுத்த கப்பல் விற்கும் என்கிறார். காயல் எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம் இல்லை என்றாலும் பஸ் தூரம்தான். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் கருப்பட்டியின் சொந்தக்காரன் ஒருவன் அந்த மணலில் இறங்கி, வாழை இலை நிறையச் சோறு தின்று, கால் வீங்கிச் செத்திருப்பான் என்று ஒரு படம் மனதில் ஓடியது. அம்மாவிடம் சொன்னேன். "சோறு போட்டதுக்குப் போயி குத்தஞ்சொல்லுதானா?" என்றாள்.

காட்டுக்குதிரைப் பேச்சுக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் ஹாம்ப்சனும் கிறிஸ் பொலிட்டும் அந்த நாட்டுக் காட்டுக்குதிரைகளுக்கு ஜி.பி.எஸ். கட்டிப் பார்த்தார்கள். உள்நாட்டுப் பாலையில் சராசரியாக ஒரு நாளைக்கு 16 கிலோமீட்டர் நடக்கின்றன. குளம்பையும் ஆராய்ந்தார்கள். கல்லும் வறட்சியும் உள்ள இடத்தில் குளம்பு குட்டையாக, கெட்டியாக இருந்தது. மெத்தென்ற மண்ணில் நீண்டு, பிளந்து கிடந்தது. காட்டிலேயே பிறந்து வளர்ந்த குதிரைகளிலும் லேமினைடிஸ் தடம் இருந்தது. என்னுடைய இயற்கை பக்திக்கு அது நல்ல அடி. காட்டுக்குதிரைக்குக் குளம்பைக் கொடுத்தது காடு இல்லை, அது நடந்த தரை. தாத்தா உழவுமாட்டையும் வண்டிமாட்டையும் பிரித்துப் பார்த்ததும் இதைத்தான்.

ஒன்றரை வருஷம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் தடிமன் 16 மில்லிமீட்டர். ஸ்லோமோஷன் வீடியோவில் குதிகால் முதலில் இறங்கியது. கூல் என்ற ஊரில் — ஆமாம், ஊர் பெயரே அதுதான் — ஓல்ம்ஸ்டெட் லூப் என்று ஒரு சுற்றுப்பாதை இருக்கிறது. மண்ணும் கல்லும் ஓடையுமாக எட்டு மைல் சொச்சம். அதில் வாரம் மூன்று முறை வெறுங்காலில் போய்வந்தான், ஒரு குறையும் இல்லை. 25 மைல் போட்டி இரண்டு முடித்தோம். சரி, 50-க்குப் போகலாம் என்று தைரியம் வந்தது.

முதல் 50 மைல் போட்டியில் அவன் 30-வது மைலில் நின்றான். அன்றைக்குப் பாதையில் ஒரு பகுதி, புதிதாக உடைத்துப் போட்ட ஜல்லி. ஆற்றுக் கல்லாக இருந்தால் உருண்டை, உடைத்த ஜல்லி கத்தி. அதில் 3 மைல். நான் இறங்கி நடந்திருக்க வேண்டும். நேரம் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். மருத்துவர் முன் டிராட் ஓட்டிக் காட்டும்போது கயிற்றில் அந்த அசைவு என் கைக்கு வந்துவிட்டது. வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது குதிரை தலையை மேலே தூக்கும். தூக்கினான். மருத்துவர் "இன்னொரு முறை" என்றார். இன்னொரு முறையும் தூக்கினான். என் அட்டையில் 'எல்' (லேம், அதாவது நொண்டி) என்று ஒற்றை எழுத்தைப் போட்டுக் கையெழுத்திட்டார். டிரெய்லருக்காகக் காத்துக்கொண்டு நிற்கும்போது, லாடக் குதிரைகள் ஒவ்வொன்றாக டக் டக் என்று எங்களைத் தாண்டிப் போயின. கருப்பட்டி என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு தூங்கினான். கால் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. கல் பட்ட வெறும் கன்றல்.

அன்றைக்கு இரண்டு பக்கமும் அடி வாங்கினேன். லாடக்காரர்கள், "பார்த்தாயா" என்றார்கள். வெறுங்கால் நண்பர்கள், அவனை நான் சரியாகப் பழக்கவில்லை என்றார்கள். சீவுகிற அம்மாள் மட்டும், "ஜல்லிக்கு ஷூ போடு" என்றார். "அப்படியென்றால் வெறுங்கால் இல்லையே" என்றேன். "நீ வீட்டில் ஷூ போட்டுக்கொண்டா தூங்குகிறாய்?" என்றார்.

குளம்புக்கு மாட்டுகிற ஷூ புதிதில்லை. 1970-லேயே நீல் கிளாஸ் என்பவர் ஈசிபூட் என்று ஒன்றைச் செய்து விற்றார், அப்போது அது லாடம் கழன்றால் மாட்டிக்கொள்கிற ஸ்டெப்னி. இப்போது வாரில் கட்டுவது, கணுக்காலில் துணி சுற்றுவது, குளம்போடு பசை போட்டு ஒட்டுவது என்று பல வகை. எங்கள் ஆபர்னில் முடிகிற 100 மைல் ஓட்டமான டெவிஸ் கோப்பையை 2012-ல் வென்ற கேரட் ஃபோர்ட் என்பவரின் குதிரை ஒட்டுகிற வகையைப் போட்டுத்தான் ஓடியது. அந்த ஷூக் கம்பெனியே அப்போது அவருடையது, அதனால் அதை விளம்பரம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 100 மைல் மலைப்பாதைக்கு விளம்பரம் புரியாது.

நான் முதலில் வாரில் கட்டுகிற வகையை வாங்கினேன். குதிகால் உருண்டையில் தேய்ந்து புண்ணாயிற்று, சேற்றில் கழன்று கணுக்காலில் வளையல் மாதிரி ஆடியது. தப்பு என்னுடையது. சீவிய மறுநாள் அளவெடுத்து, ஐந்து வாரம் வளர்ந்த குளம்பில் மாட்டினேன். பயிற்சிக்கு இன்றும் வார் வகைதான். குளம்பைச் சுற்றி விளையாட்டு வீரர்கள் சுற்றுகிற துணி டேப்பை இரண்டு சுற்று சுற்றினால் பிடிப்பு வருகிறது. 50 மைலுக்கு மட்டும் ஒட்டுகிறேன்.

ஒட்டுவது ஒரு கல்யாண வேலை. போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் ஆரம்பிக்கும். அரத்தால் சுவரைச் சொரசொரப்பாக்கி, கம்பி பிரஷ் போட்டு, சின்ன காஸ் டார்ச்சால் ஈரத்தை ஓட்ட வேண்டும். தலைமுடி கருகுகிற வாடை லாயம் முழுக்கப் பரவும். அதற்கப்புறம் யாரும் அந்தச் சுவரைத் தொடக் கூடாது, கால் தரையிலும் படக் கூடாது. வீட்டுக்காரர் காலைப் பிடித்துக்கொள்வார், நான் துப்பாக்கி மாதிரி இருக்கும் குழாயில் பசையைப் பிதுக்கி ஷூவின் உள்சுவரில் கோடு போடுவேன். அடியில் மெத்தைக்கு வேறு பசை. அரை நிமிஷம் யோசித்தால் கையிலேயே இறுகிவிடும். முதல் தடவை, கடைசி நிமிஷத்தில் வியர்த்த கட்டைவிரலால் ஒரு தூசியைத் துடைத்தேன். 20-வது மைலில் அந்தக் கால் ஷூ, சரியாக அந்தப் பக்கமாக, வாய் பிளந்தது. கட்டைவிரல் அளவுதான், அங்கேதான். இப்போது கையுறை இல்லாமல் கிட்டே போவதில்லை. போட்டி முடிந்து ஒரு வாரத்துக்குள் தட்டையான ஸ்க்ரூடிரைவரும் ரப்பர் சுத்தியலும் வைத்து நெம்பி எடுத்துவிடுவேன். அதற்கு மேல் விட்டால் உள்ளே ஈரம் கட்டிக் குளம்பு ஊறிவிடும்.

இந்த ஷூ விஷயத்தை அம்மாவிடம் சொல்லத்தான் தயங்கினேன், இத்தனை நாள் வாதாடிவிட்டு. கேட்டுவிட்டு, "வெளிய போகையில போட்டுட்டுப் போ, வீட்டுக்கு வந்ததும் வாசல்ல கழத்திரு. இதுக்குப் போயி நாலு வருஷமா?" என்றாள்.

டயப்பர் கதையை முடிக்கவில்லை. ஒரு மார்ச் மாதக் காலையில் கருப்பட்டி மூன்று காலில் நின்றான். இடது முன்னங்காலைத் தரையில் வைக்கவே மாட்டேன் என்றான். லாயத்தில் நாலு பேர் வந்து பார்த்து, "வெறுங்கால்னா இப்படித்தான்" என்றார்கள். ஒன்றைக் கவனித்திருக்கிறேன்: லாடக் குதிரை நொண்டினால் தோள், முதுகு, சேணம், தசைநார் என்று உடம்பு முழுக்கத் தேடுவார்கள். லாடம் இல்லாத குதிரை நொண்டினால் குனிந்துகூடப் பார்க்காமல் காரணத்தைச் சொல்லிவிடுவார்கள். அன்றைக்குக் காரணம் குளம்புதான், ஆனால் சீழ். மழையில் ஊறி, வெயிலில் வெடித்து, அந்த வெடிப்பில் அழுக்கு புகுந்து உள்ளே கட்டி. லாடம் கட்டிய குதிரைக்கும் தாராளமாக வருவது. வெந்நீரில் எப்சம் உப்பைக் கரைத்து ஊறவைத்து, அப்புறம் அதே உப்பைக் குழைத்து டயப்பருக்குள் வைத்து, குளம்பைச் சுற்றிக் கட்டி, மேலே டக்ட் டேப் ஒட்டுவது. டயப்பரின் ஒட்டுப்பட்டை குளம்பு அளவுக்கே செய்தது போல இருக்கும். மூன்றாம் நாள் குதிகால் பக்கம் உடைந்து கறுப்பாக வடிந்தது. மறுநாள் ஓடினான்.

மழைக்காலம்தான் எங்களுக்குக் கஷ்டம். கோடையில் குளம்பு கருங்கல்லாக இருக்கும், அரமே வழுக்கும். ஜனவரி சேற்றில் தவளையின் நடுப்பிளவில் கறுப்பாக, அழுகின வாடையோடு பிசுபிசுப்பு சேரும். த்ரஷ் என்பார்கள். அந்தப் பிளவு ஆழமாகிவிட்டால் குதிகாலில் வலி, திரும்ப நுனிக்கால் நடை, பாடுபட்டதெல்லாம் போச்சு. நான் மயில்துத்தத்தைப் பொடித்து ஒரு களிம்பில் குழைத்து, பஞ்சில் ஒற்றிப் பிளவுக்குள் வைக்கிறேன். பயிருக்குத் தாத்தா கலக்கிய அதே நீலம். பாதி நீலம் என் ஜீன்ஸில்தான் இருக்கும்.

போன கோடையில் டெவிஸில் ஒரு தோழிக்கு உதவியாளாகப் போனேன். 1955-ல் ஆபர்ன்காரர் வெண்டல் ரோபி, இந்தக் காலத்துக் குதிரையும் ஒரே நாளில் 100 மைல் போகும் என்று காட்ட நாலைந்து பேரோடு கிளம்பியதில் தொடங்கிய ஓட்டம். டிரக்கி பக்கம் காட்டில் அதிகாலை 5.15-க்குப் புறப்பட்டு, மறுநாள் காலை 5.15-க்குள் ஆபர்ன் வந்தால் ஒரு வெள்ளி பெல்ட் பக்கிள். அவ்வளவுதான் பரிசு, காசு கிடையாது. புறப்படுவதில் ஏறக்குறையப் பாதிதான் வந்து சேரும். 68-வது மைலில் ஃபாரஸ்ட்ஹில். ஒரு மணி நேரக் கட்டாய ஓய்வு. வெயிலில் வெந்த பள்ளத்தாக்குகளைத் தாண்டிக் குதிரைகள் சாயங்காலப் புழுதிக்குள்ளிருந்து வந்தன. தோழியின் குதிரைக்குக் காலில் ஒட்டிய ஷூ நாலும் இருந்தது, முன்பக்கம் கிரானைட்டில் உரசி நுனி வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. நான் கால் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து இடத்தில் இரும்பு லாடம் போட்ட குதிரை ஒன்று, 20 வயது என்றார்கள், ஒரு கீறல் இல்லாமல் நின்று தீனி தின்றுகொண்டிருந்தது. அதன் சொந்தக்காரரும் நானும் ஒரே வாளித் தண்ணீரைப் பங்கு போட்டோம். லாடமா வெறுங்காலா என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. இருட்டிய பிறகு தோழி மார்ப்பட்டையில் பச்சை ஒளிக்குச்சியைச் செருகிக்கொண்டு கிளம்பினாள், அந்தப் பச்சைப் புள்ளி மட்டும் ரொம்ப தூரம் தெரிந்தது.

கருப்பட்டி இதுவரை 50 மைல் ஏழு முடித்திருக்கிறான். முதல் பத்து இடத்துக்குள் ஒருமுறைகூட வரவில்லை. ஏழிலும் கடைசிப் பரிசோதனையில் கயிறு என் கையில் அசையவில்லை. டெவிஸுக்கு அவனைக் கூட்டிப்போவேனா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இன்சுலின் கணக்கு, அவன் வயது, என் முழங்கால், மூன்றையும் வைத்துப் பார்க்கையில் போக மாட்டோம் என்றுதான் தோன்றுகிறது.

நேற்று சீவுகிற நாள். அந்த அம்மாளுக்கு இப்போது குனிய முடிவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார், நான் அரத்தைப் பிடிக்கிறேன். விளிம்பை உருட்டி முடித்துவிட்டு உள்ளங்கையால் குளம்பை மேலிருந்து கீழாகத் தடவினேன். மயிர்க்கோட்டிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் கீழே, கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடு கையில் தட்டியது. நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்றரை மாதத்துக்கு முன்னால், முதல் மழை பெய்த வாரம், மேய்ச்சல் பக்கத்துக் கதவு இரண்டு ராத்திரி திறந்து கிடந்தது. அந்தக் கதவுக்கு ஒரு சங்கிலி வாங்க வேண்டும்.